மறுமொழி: கோழிக்கு ‘அடி தள்ளுதல்’ – கலைச்சொல் எது?

அனைவருக்கும் வணக்கம். முட்டையிடும் கோழிக்கு முட்டைக்குழல் (முட்டை உருவாகி வெளியே வரும் குழாய்) பின்வழியாக வெளியே வந்து உள்ளே போகாமல் நின்றுவிடுவதைத்தான் ‘அடி தள்ளுதல்’ என்கிறோம், ஆங்கிலத்தில் prolapse. நம் அகராதிப் பட்டியலுக்கு இதற்கு எந்தச் சொல் என்பதுதான் இந்த இழையின் கேள்வி.

> கருப்பை இறக்கம் என்று ஏற்கெனவே இருக்கிறதே, அதே போல முட்டைக்குழல் இறக்கம் என்று வைத்துவிட்டால் என்ன?

இறக்கம் வேண்டாம் ஐயா. மனிதர்களுக்கு வரும் கருப்பை இறக்கம் பெரும்பாலும் மெல்ல மெல்ல இறங்கி வருவது. கோழிக்கு அப்படி இல்லை. காலையில் நன்றாகத்தான் முட்டையிடப் போயிருக்கும், திரும்பி வரும்போது பின்னால் ஈரமாக, செக்கச்செவேலென்று ஒரு சதை தொங்கும், சுற்றியுள்ள இறகெல்லாம் நனைந்து ஒட்டிக்கொண்டிருக்கும். கூட இருக்கும் கோழிகள் அந்தச் சிவப்பைப் பார்த்ததும் கொத்த வந்துவிடும், விட்டால் குடலையே இழுத்துப்போடும். எங்கள் வீட்டுப் பெட்டைக்கு வந்தபோது நான் பார்த்தது இதைத்தான், அதனால் இந்தச் சொல்லில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. அந்த வேகம் சொல்லில் இருக்க வேண்டும். மாடு வளர்ப்பவர்கள் ‘தள்ளிவிட்டது’ என்கிறார்கள், கால்நடைக் கையேடுகளிலும் ‘கருப்பை வெளித்தள்ளுதல்’ என்றுதான் இருக்கிறது. அதே வழியில் ‘முட்டைக்குழல் வெளித்தள்ளல்’ என்று போகலாம்.

‘பிதுக்கம்’ என்று இன்னொருவர் சொன்னார். அது குடலிறக்கத்துக்கும் புழங்குகிற சொல். அங்கே உறுப்பு தசைச்சுவரைத் தாண்டி வந்தாலும் மேலே தோல் மூடியிருக்கும். இங்கே குழலின் உட்புறமே வெளிப்புறமாகத் திரும்பி, மெல்லிய சவ்வு காற்றில் காய்ந்துகொண்டிருக்கிறது. கழுவ வேண்டும், ஈரமாகவே வைத்திருக்க வேண்டும் என்பதெல்லாம் அதனால்தான். இரண்டையும் ஒரே சொல்லில் போட்டால் குழப்பம்.

இதைவிட முக்கியமான ஒன்று இந்த இழையில் இன்னும் யாரும் எடுக்கவில்லை. நலமாக இருக்கும் கோழியும் ஒவ்வொரு முறை முட்டையிடும்போதும் குழலின் கடைசிப் பகுதியைக் கொஞ்சம் வெளியே புரட்டும். முட்டை எச்சத்தில் படாமல் வர இயற்கை செய்திருக்கும் ஏற்பாடு அது. முட்டை விழுந்ததும் தானாக உள்ளே போய்விடும். புதிதாகக் கோழி வளர்ப்பவர் இதைத் தற்செயலாகப் பார்த்தால் பதறிப்போவார், பதறித் தொடவும் செய்வார். ஆகவே இதற்குத் தனிச்சொல் கட்டாயம் வேண்டும். நான் முன்வைப்பது ‘வெளிமலர்வு’. மலர்தல் என்றால் நோய் என்ற எண்ணம் வராது. அப்புறம் வரையறையும் சுலபம்: வெளிமலர்ந்தது உள்வாங்காமல் நின்றுவிட்டால் அது வெளித்தள்ளல்.

> எல்லாவற்றையும் ‘முட்டையிடு காயம்’ என்று ஒரே தலைப்பில் போட்டால் எளிமையாக இருக்குமே.

தலைப்பாக வைத்துக்கொள்ளலாம், பதிவுச்சொல்லாக வேண்டாம். முட்டை வெளியே வராமல் உள்ளேயே நின்றுவிடுவது வேறு சங்கதி. கோழி வாலைத் தாழ்த்தி, உடம்பை நெட்டுக்குத்தாக நிமிர்த்தி நின்று முக்கிக்கொண்டே இருக்கும், முட்டை மட்டும் வராது. அதற்கு வெதுவெதுப்பும் சுண்ணாம்புச்சத்தும் கொடுத்து, சீக்கிரம் மருத்துவரிடம் காட்ட வேண்டும். இதற்கு ‘முட்டைச்சிக்கல்’ என்று பெயர் வைத்தால் முட்டை சம்பந்தமான ஏதோ பிரச்சினை என்று படித்துவிடுவார்கள். மலக்கட்டு, நீர்க்கட்டு என்று நம்மிடம் இருக்கிறதே, ‘முட்டைக்கட்டு’ என்றால் கேட்டவுடன் விளங்கும். கட்டிக்கொண்ட முட்டைக்காக முக்கி முக்கியே குழல் வெளியே தள்ளிவிடுவதும் உண்டு, அப்போது இரண்டு சொல்லும் வேண்டும்.

கோழியின் பின்வாயை எச்சத்துவாரம் என்பதா ஆசனவாய் என்பதா என்ற கேள்வி: எச்சத்துவாரம்தான். சாணம், சிறுநீர்க்கழிவு, முட்டை மூன்றும் ஒரே வாய் வழியாக வரும்போது ஆசனவாய் பொருந்தாது.

சரி, அகராதிப் பதிவில் சொல்லும் பொருளும் மட்டும் போதாது, இரண்டு வரி முதலுதவியும் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் இதைத் தேடி வருபவர் கோழியைக் கையில் பிடித்துக்கொண்டுதான் தேடுவார். மற்ற கோழிகளிடமிருந்து உடனே பிரித்து, வெளிச்சம் குறைந்த இடத்தில் வைக்க வேண்டும். லிட்டருக்கு 9 கிராம் உப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் மெதுவாகக் கழுவ வேண்டும். வீங்கியிருந்தால் சர்க்கரையோ தேனோ சிறிது நேரம் தடவினால் நீரை இழுத்துக்கொண்டு வீக்கம் வடியும். பிறகு அதைக் கழுவிவிட்டு, கையுறை போட்ட விரலால், நீரில் கரையும் வழுக்குக்களிம்பு தடவி, அழுத்தாமல் உள்ளே அனுப்ப வேண்டும். மனிதர்களுக்கான மூலக் களிம்பைத் தடவவே கூடாது. அவற்றில் பலவற்றில் மரத்துப்போகச் செய்யும் மருந்து இருக்கிறது, பறவைகளுக்கு அது ஆபத்து. சதை கறுத்துவிட்டாலோ, கிழிந்திருந்தாலோ, வைத்தது திரும்பத் திரும்ப வெளியே வந்தாலோ வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போக வேண்டும்.

உள்ளே வைத்ததோடு முடிந்தது என்று நினைத்துவிடுவார்கள், சிரமமே அதற்குப் பிறகுதான். ஒரு முட்டை உருவாக 24 முதல் 26 மணி நேரம் ஆகிறது, அதில் 20 மணி நேரம் போல ஓடு உருவாகவே போய்விடும். அதாவது இன்றைக்கு வீக்கத்தோடு உள்ளே வைத்த குழல் வழியாக நாளைக்கே அடுத்த முட்டை வரலாம், அதுவும் இரட்டைக்கரு முட்டையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். அதனால் வெளிச்சத்தை நாளுக்கு 8 மணி நேரமாகக் குறைத்து முட்டையிடுவதை நிறுத்தப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் மருத்துவர் தையல் போடுவார், முட்டையிடுவதை நிறுத்த ஹார்மோன் பதியம் (தோலுக்கடியில் வைக்கும் சிறு மருந்து) வைப்பதும் உண்டு. இப்படி வேண்டுமென்றே முட்டையை நிறுத்திவைப்பதற்கு ‘முட்டையோய்வு’ என்று ஒரு சொல்லையும் சேர்த்துக்கொள்ளலாம். முட்டைக்காக இல்லாமல் பாசத்துக்காக வளர்ப்பவர்களுக்கு இந்தச் சொல் நிறையவே பயன்படும். முட்டை நின்றுபோனால் கோழியைக் கழித்துவிடுவது என்ற கணக்கு அவர்களுக்குக் கிடையாது.

வெளித்தள்ளல், முட்டைக்கட்டு, எச்சத்துவாரம், முட்டையோய்வு நான்கையும் மறுப்பு வராவிட்டால் வார இறுதியில் பட்டியலில் ஏற்றிவிடுகிறேன். வெளிமலர்வை மட்டும் நிறுத்தி வைக்கிறேன், குழுவில் உள்ள கால்நடை மருத்துவர்கள் அதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்.