மறு: டியூனர் செயலிக்குத் தமிழ்ச்சொல்: சுருதிகூட்டியா, சுருதிமானியா?

> டியூனருக்குச் 'சுருதிகூட்டி' என்றே போட்டுவிடலாமா? திரையில் வரும் ஷார்ப் (சுருதி கூடுதல்), ஃபிளாட் (குறைவு), இன் டியூன் (சரி) மூன்றுக்கும் சொல் வேண்டும்.

வணக்கம்.

சுருதிகூட்டி வேண்டாம் ஐயா. செயலி எதையும் கூட்டுவதில்லை. மைக்கில் விழும் ஒலியின் அதிர்வெண்ணை அளந்து, பக்கத்துச் சுரத்திலிருந்து எத்தனை சென்ட் விலகல் என்று முள்ளால் காட்டுகிறது, அவ்வளவுதான். (ஸவிலிருந்து மேல் ஸ வரையான ஒரு ஸ்தாயிக்கு 1200 சென்ட்.) பிரடையை, அதாவது தந்தியை முறுக்கும் ஆணியை, திருப்புவது கைதான். வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் சுருதிமானி பொருந்தும். தானே முறுக்காணியைத் திருப்பும் மோட்டார் கருவி கிட்டாருக்கு உண்டு. சுருதிகூட்டி அதற்கு இருக்கட்டும்.

அளப்பதும் சேர்ப்பதும் வேறு என்பதைத் தம்புராவில் பார்க்கலாம். ஒரு கட்டைச் சுருதியில் (கட்டை என்பது ஸவின் உயரத்தைச் சொல்லும் எண்) ஸ 130.81 ஹெர்ட்ஸ். பஞ்சமத்தை (ப) முள் நடுவில் நிறுத்தினால் கிடைப்பது ஸவிலிருந்து 700 சென்ட். காதுக்குச் சேரும் பஞ்சமம் 702. இரண்டு சென்ட்தானே என்று விட்டால், ஒலி கூடிக் குறையும் விம்மல் இரண்டேகால் வினாடிக்கு ஒன்று கேட்கும். முள் நடுவைத் தாண்டி இரண்டு சென்ட் வலப்பக்கம் நிற்க வேண்டும். அதற்கும் முதலில் ஜீவாநூலை (ரீங்காரத்துக்காகத் தந்திக்கும் குதிரைக்கும் இடையே வைக்கும் நூல்) தந்தி தாங்கும் குதிரையின் ஓரத்துக்குத் தள்ளிவிட வேண்டும். நூல் இருக்கும்போது மேற்சுரங்கள் ஓங்குவதால், ஸவை மீட்டினாலே செயலி 'ப' என்று காட்டிவிடும். மற்றத் தந்திகளை விரலால் அணைத்துக்கொள்ளுங்கள். மீட்டிய கணத்தில் சுருதி சற்று ஏறித் தெரியும். முள் அமர்ந்தபின் படியுங்கள். பிரடையில் கீழிருந்து மேலாக வந்து, கடைசி நூலிழை வித்தியாசத்தைத் தந்தியில் கோத்த மணியில் சரிசெய்வது நல்லது.

- - -

> வெப்பமானி, அழுத்தமானி வரிசையில் சுருதிமானி பொருந்தும்.

ஏற்கிறேன். ஒரு குழப்பம் மட்டும்: சுருதி என்றதும் சுருதிப்பெட்டியைத் தேடி வருபவர்கள் இதை இறக்கி, ஏன் ஒலிக்கவில்லை என்று கேட்பார்கள். விளக்கத்தில் 'அளக்கும் செயலி' என்று ஒரு வரி போதும்.

அமைப்புகளில் உள்ள 'ஏ = 440' (ஏ என்ற மேற்கத்தியச் சுரத்துக்கு 440 ஹெர்ட்ஸ்) என்பதை யாரும் 'ஆதார சுருதி' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். நமக்கு ஆதார சுருதி என்றால் ஸ. ஐந்து கட்டைக்காரர் அதைப் பார்த்துத் தன் சுருதிக்கு மாற்றப் போய் 440ஐத் தன் ஸவான 392 ஆக்கினால், அத்தனை சுரப்பெயரும் தப்பு. 'ஒப்பீட்டு அதிர்வெண்' என்று வறட்சியாக இருந்தாலும் அதுவே பாதுகாப்பு.

- - -

ஒப்பீட்டு அதிர்வெண்ணே இருக்கட்டும். திரைச்சொற்கள் மூன்றில்தான் ஆபத்து. ஷார்ப்புக்கு 'ஏற்றம்', ஃபிளாட்டுக்கு 'இறக்கம்' என்று முன்பு ஒருவர் பரிந்துரைத்திருந்தார். பிரடையைப் பிடித்திருப்பவர் 'ஏற்றம்' என்பதை 'ஏற்று' என்று படிப்பார். ஏற்கெனவே ஏறிய தந்தியை மேலும் முறுக்குவார், மெல்லிய சாரணித் தந்தி அறுந்து முகத்தில் அடிக்கும். நிலையைச் சொல்கிறோமா, கட்டளை இடுகிறோமா என்பது சொல்லிலேயே தெரிய வேண்டும்: 'ஏறியுள்ளது', 'இறங்கியுள்ளது', 'சேர்ந்தது'. வித்துவான்கள் பேச்சிலும் சுருதி ஏறியிருக்கு, இறங்கியிருக்கு, சேரலை என்பதுதான் வழக்கு.

வீணைக்கு இன்னொரு எச்சரிக்கை வரியும் வேண்டும். மூன்று கட்டையில் அனுமந்தரம் (மிகத் தாழ்ந்த தந்தி) 61.7 ஹெர்ட்ஸ் அளவுதான். போன் மைக்குக்கு அது சரியாகக் கேட்காது. இரட்டிப்பான 123ஐப் பிடித்துக்கொண்டு ஸ்தாயி எண்ணை ஒன்று கூட்டிக் காட்டும். சுரப்பெயர் சரியாகவே இருக்கும். எனவே 'சுரப்பெயரை மட்டும் பார்க்கவும்' என்று அந்தத் திரையிலேயே போட்டுவிடுங்கள், உதவிப் பக்கத்தில் யாரும் படிப்பதில்லை.