மழைக்காலத்துக்கு வாக்கி டாக்கி: விலை உயர்ந்தது ஒன்றா, மலிவானது ஐந்தா?

தண்டையார்பேட்டை மாடி:
எங்கள் பகுதியில் ஹாம் (பொழுதுபோக்காக ரேடியோவில் பேசும்) உரிமம் பெற்ற ஐந்து பேர் சேர்ந்திருக்கிறோம். வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கையடக்க செட் வாங்க வேண்டும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது மின்சாரம் போய், செல்பேசியும் செயலிழந்து, அடுத்த தெருவில் என்ன நிலைமை என்றுகூடத் தெரியாமல் தவித்தோம். சேர்த்த பணத்தில் ஜப்பானின் யாயெசு எஃப்டி-65 போன்ற நல்ல செட் ஒன்று வாங்கலாம். அல்லது சீனாவின் மலிவு செட்டான பாவ்ஃபெங் யூவி-5ஆர் ஐந்து வாங்கி ஆளுக்கொன்று வைத்துக்கொள்ளலாம். எது சரி?

வியாசர்பாடி பாலம்:
ஐந்துதான். ஒரே ஒரு செட்டை வைத்துக்கொண்டு யாரோடு பேசப்போகிறீர்கள்? கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றுவிட்டால் எங்கள் பகுதிக்குள் வருவதே பெரும்பாடு. ஒரு முனையில் ஒருவர், பாலத்தின் மேல் ஒருவர், நிவாரணப் பள்ளியில் ஒருவர் என்று நின்றால்தான் படகு எங்கே போக வேண்டும் என்று சொல்ல முடியும். விலை உயர்ந்த செட்டும் 5 வாட்தான், மலிவு செட்டும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஒரு வாட் கூடினாலும் குறைந்தாலும் காதுக்கு வித்தியாசம் தெரியாது. சக்தியை இரட்டிப்பாக்கினால்கூட சிக்னல் பலம் 3 டெசிபெல்தான் கூடும்.

ராயபுரம் ஹார்பர்:
வாட் கணக்கில் எனக்கு மறுப்பே இல்லை. என் கேள்வி வேறு: உங்களுக்குக் கேட்குமா? நல்ல செட்டின் ரிசீவர், வேண்டாத அலைகளை வாசலிலேயே வடிகட்டிவிடும். மலிவு செட்டில் எல்லா வேலையையும் ஒரே சிப் பார்க்கிறது. வாசல் திறந்தே கிடக்கும். பக்கத்தில் யாராவது பலமாக ஒலிபரப்பினால், நீங்கள் கேட்க வேண்டிய 145 மெகாஹெர்ட்ஸ் ஹாம் அலைவரிசைக் குரல் அமுங்கிவிடும். இரைச்சல்கூட வராது, சும்மா அமைதியாக இருக்கும். யாரும் கூப்பிடவில்லை என்றே நினைத்துக்கொள்வீர்கள். வெள்ள நேரத்தில் இதைவிட ஆபத்து வேறென்ன?

இன்னொன்று. அமெரிக்க ஹாம் சங்கமான ஏஆர்ஆர்எல் நடத்திய சோதனைகளில் இந்த மலிவு செட்டுகள் பல, அலைத் தூய்மையில் தேறவில்லை. 145-ல் பேசினால் மூன்று மடங்கான 435 மெகாஹெர்ட்ஸிலும் கசிகிறது. உரிமம் வாங்கியவர்கள் நாம். அடுத்தவர் அலைவரிசையில் குப்பை கொட்டக் கூடாது.

வியாசர்பாடி பாலம்:
கசிவு உண்மைதான், அதை நான் மூடி மறைக்கவில்லை. அலைக் கசிவை அளக்கும் ஸ்பெக்ட்ரம் அனலைசர் வைத்திருக்கும் மூத்த ஹாம் ஒருவரிடம் ஐந்தையும் காட்டி, தேறாததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

ஆனால் அண்ணா, செட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, ஆன்டெனாவை ஏன் மறந்தீர்கள்? கூட வரும் ரப்பர் குச்சி எந்த விலை செட்டிலும் சுமார்தான். வெல்டிங் கம்பியில் 49 செ.மீ. நீளத்துக்கு ஒன்றை வெட்டி மேலே நிறுத்தி, கீழே நான்கு கம்பிகளைச் சாய்த்துவிட்டால் மொட்டைமாடி ஆன்டெனா தயார். ரிச்சி தெரு மின்னணுக் கடைகளில் கனெக்டரும் கேபிளும் வாங்கும் செலவு மட்டும்தான். இந்த அலை பெரும்பாலும் நேர்க்கோட்டில் போவது. தரையிலிருந்து பேசுவதற்கும் நான்காவது மாடியிலிருந்து பேசுவதற்கும் உள்ள வித்தியாசத்தை எந்த ஜப்பான் செட்டும் தந்துவிடாது. மிச்சப்படும் பணத்தை அதில் போடுங்கள்.

ராயபுரம் ஹார்பர்:
அங்கேதான் சிக்கலே, தம்பி. மலிவு செட்டில் பெரிய ஆன்டெனா மாட்டினால் பல நேரம் முன்பைவிட மோசமாகக் கேட்கும். நல்ல அலையோடு வேண்டாத அலையும் பலமாக உள்ளே வருகிறதே!

நம் கடற்கரையில் யார் யார் பேசுகிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். சென்னைத் துறைமுகத்துக்கும் எண்ணூர் காமராஜர் துறைமுகத்துக்கும் வரும் கப்பல்கள் 156 மெகாஹெர்ட்ஸ் பக்கத்தில் 25 வாட்டில் பேசுகின்றன. கப்பலின் இருப்பிடம் சொல்லும் ஏஐஎஸ் கருவி 161.975, 162.025 இரண்டிலும் 12.5 வாட்டில் ஓயாமல் துடிக்கிறது. எல்லாமே யூவி-5ஆர் ரிசீவரின் வாசலுக்குள் வருபவை. போதாக்குறைக்குச் செல்பேசிக் கோபுரங்கள். என் மாடியில் மலிவு செட் ஒன்றை ரப்பர் குச்சியோடு வைத்தால் மாதவரம் நண்பர் கேட்கிறார். மாடி ஆன்டெனாவுக்கு மாற்றியதும் காணாமல் போகிறார். அதே கேபிளை நல்ல செட்டில் செருகினால் பளிச்சென்று பேசுகிறார்.

வியாசர்பாடி பாலம்:
உங்கள் மாடியில் நடக்கலாம். நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டு இருக்கிறீர்கள். நாங்கள் உள்ளே இருக்கிறோம், எங்களுக்கு அவ்வளவு தொல்லை இல்லை. இருந்தாலும் நம் ஹாம் அலைவரிசையான 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை மட்டும் விடும் வடிகட்டி ஒன்றைக் கேபிளில் போட்டால் தீர்ந்தது. அதற்காக நான்கு பேரின் கையை வெறுமையாக்க வேண்டுமா?

எண்ணூர் முகத்துவாரம்:
குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். உப்புக் காற்றை யாருமே கணக்கில் எடுக்கவில்லை. எங்கள் பக்கம் மலிவு செட்டின் சார்ஜர் முள்ளில் ஒரு மழைக்காலத்திலேயே பச்சை பூத்துவிடுகிறது. முழு இரவு சார்ஜரில் வைத்தும் காலையில் பேட்டரி காலியாக இருக்கும். காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தால் சரியாகும், ஆனால் மாதம் தவறாமல் செய்ய வேண்டும். எஃப்டி-65 ஐபி54 தரம், சாரலைத் தாங்கும். தண்ணீரில் விழுந்தால் அதுவும் போச்சு. எதை வாங்கினாலும் பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டுங்கள், பைக்கு மேலேயே பேசலாம்.

காசிமேடு கரை:
என் மைத்துனர் ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறார். இந்த மலிவு செட்டில் 156 மெகாஹெர்ட்ஸும் வருகிறது என்று கடையில் சொல்லி விற்றிருக்கிறார்கள். கடலில் இது போதுமா?

ராயபுரம் ஹார்பர்:
போதாது. இந்த ஒரு விஷயத்தில் வியாசர்பாடித் தம்பியும் என்னோடு நிற்பார் என்று நம்புகிறேன். அந்த அலைவரிசையில் பேச அனுமதி பெற்ற கடல் விஹெச்எஃப் செட்டே வேண்டும். அதில் 16-ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், ஆபத்து அழைப்புக்கானது. கப்பல்களும் கடலோரக் காவல்படையும் அதைக் கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஐபிஎக்ஸ்7 தரம் என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் அரை மணி நேரம் தாங்கும். தண்ணீரில் மிதக்கும் மாடல்களும் உண்டு. 2017 நவம்பரில் ஒக்கிப் புயல் அடித்தபோது ஆழ்கடலில் இருந்தவர்களுக்கு எச்சரிக்கையே போய்ச் சேராமல் குமரிக் கரை பறிகொடுத்த உயிர்களை நினைத்துப் பாருங்கள். கடலோரக் காவல்படையின் 1554 என்ற எண்ணும் செல்பேசி கிடைக்கும் தூரம் வரைதான்.

வியாசர்பாடி பாலம்:
நிற்கிறேன். கடலுக்கு மலிவு செட் வேண்டவே வேண்டாம். மைத்துனரிடம் இன்றைக்கே சொல்லுங்கள்.

கொடுங்கையூர் சந்தை:
எங்களிடம் உரிமம் இல்லை. திருவிழாக் கூட்டத்தைச் சமாளிக்க இரண்டு யூவி-5ஆர் வாங்கலாமா?

தண்டையார்பேட்டை மாடி:
வாங்காதீர்கள். உரிமம் இல்லாதவர்களுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை குறைந்த சக்தியில் பேசும் செட்டுகள் தனியாக இருக்கின்றன. தொலைத்தொடர்புத் துறையின் வகை ஒப்புதல் உண்டா என்று பார்த்து வாங்குங்கள். இணையக் கடைகளில் ஒப்புதல் இல்லாதவை விற்கப்படுவதைத் தடுக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025-ல் வழிகாட்டு நெறிமுறையே வெளியிட்டிருக்கிறது.

எங்கள் முடிவையும் சொல்லிவிடுகிறேன். இப்போதைக்கு நான்கு மலிவு செட், ஒரு வடிகட்டி, ஒரு மாடி ஆன்டெனா. எங்கள் வீட்டிலிருந்து துறைமுகம் அதிகத் தூரமில்லை என்பதால் ராயபுரம் அண்ணன் சொன்னது உறுத்திக்கொண்டே இருக்கிறது. அடுத்து பணம் சேர்ந்ததும் மாடிக்கு மட்டும் நல்ல செட்.

ராயபுரம் ஹார்பர்:
நான் வரிசையை மாற்றியிருப்பேன். மாடியில் இருப்பவருக்குத்தான் மற்ற எல்லோரும் கேட்க வேண்டும், அவர் செவிடானால் மற்றவர்கள் தனித்தனியே கத்திக்கொண்டிருப்பார்கள். சரி, கேபிளிலாவது கஞ்சம் பிடிக்காதீர்கள். மெல்லிய ஆர்ஜி-58 கேபிளில் 15 மீட்டர் இழுத்தால் பாதிச் சக்தி வழியிலேயே தீர்ந்துவிடும். இன்னொன்று, யாயெசுவின் ஆன்டெனா திருகு மலிவு செட்டின் திருகுக்கு நேர்மாறானது. பின்னால் மாற்றும்போது வேண்டியிருக்கும், அதற்கான அடாப்டரையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள்.