நம்ம ஊர் மண்ணுக்கும் பட்டத்துக்கும் (விதைக்கிற பருவம்) எந்த காய்கறி ரகம்? பார்த்தது, கேட்டது பகிருங்க

ஆத்தூர், சேலம்:
பக்கத்து வீட்டு அக்கா மாசி மாசம் பந்தல் அவரை போட்டாங்க. கொடின்னா கொடி, அப்படி ஒரு கொடி, வெயில்ல தண்ணி ஊத்தி ஊத்தி பந்தலே தெரியாத அளவுக்கு இலை, ஆனா ஒரு பூ கிடையாது. உரக்கடையில கேட்டா சத்து குறைவுன்னு ஏதோ டானிக் குடுத்துட்டாங்க. அப்புறம் எங்க தெரு வழியா ஆடு ஓட்டிட்டு வந்த ஒரு பெரியவர் பந்தலை நின்னு பாத்துட்டு "ஏம்மா, இது பனி விழுறப்ப பூக்குற அவரை, இப்ப என்ன பண்ணாலும் பூக்காது"ன்னு ஒரே வார்த்தைல சொன்னார். நான் அப்புறமா விசாரிச்சதுல அவர் சொன்னது அத்தனையும் சரி. நம்ம நாட்டு பந்தல் அவரை பெரும்பாலும் பகல் குறைஞ்சு ராத்திரி நீண்டாதான் பூ எடுக்கும், அதனாலதான் ஆடில ஊனி கார்த்திகை மார்கழில காய் பறிக்கிறது. வருசம் பூரா வேணும்னா கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழக ரகமான கோ 14 மாதிரி, பந்தல் இல்லாம செடியா நிக்கிற குத்து அவரை பாருங்க, அதுக்கு பகல் நீளம் ஒரு பொருட்டே இல்ல. அக்கா கொடியை வெட்டாம விட்டாங்க, ஐப்பசில பூத்துச்சு.

முதுகுளத்தூர்:
அண்ணா சொன்னது பட்டம், எங்களுக்கு தண்ணிதான் முதல் கேள்வி. போர் தண்ணி உப்பு. எங்க சொந்தக்காரர் ஒருத்தர் தேனில இருந்து வந்தப்ப ஆசையா பீன்ஸ் விதை கொண்டாந்து தந்தார், முளைச்சுச்சு, அப்புறம் இலை ஓரமெல்லாம் கருகி அப்படியே போயிருச்சு. காய்கறிகள்லயே உப்புக்கு ரொம்ப சீக்கிரம் அடிபடுறது பீன்ஸ்தான். அதே தண்ணில பீட்ரூட் ஓரளவு தாங்குது. இதையெல்லாம் விட எங்க மண்ணுக்குன்னே இருக்கிறது முண்டு மிளகாய், புரட்டாசில மழையை நம்பி நேரா விதைச்சு விட்டுருவோம், மானாவாரிதான், தை பிறந்தா பழம் எடுக்க ஆரம்பிக்கலாம். உருண்டையா தோல் தடிமனா இருக்கும். 2023ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க ஊர் பெருசுங்க முகத்தை நீங்க பாத்திருக்கணும்.

அணைக்கட்டு, வேலூர்:
அதே 2023ல எங்க இலவம்பாடி முள்ளு கத்தரிக்கும் கிடைச்சுது! காம்புல, தண்டுல, இலைலன்னு எல்லா இடத்துலயும் முள்ளு இருக்கும், பறிக்கிறவங்க கை பாவம், ஆனா குழம்புல போட்டா அந்த ருசி வேற எதுலயும் வராது. எங்க ஊருக்கு கல்யாணமாகி வந்த என் அண்ணி முதல் தடவை சாப்டுட்டு விதை எடுத்து அவங்க அம்மா வீட்டுக்கு, தஞ்சாவூர் பக்கம் கொண்டு போனாங்க. காய் நல்லாவே பிடிச்சுது, ஆனா அவங்க அம்மாவே "உங்க ஊர்ல சாப்ட மாதிரி இல்லியே"ன்னு சொல்லிட்டாங்க. விதை ஒண்ணுதான், மண்ணும் தண்ணியும் மாறிடுச்சு.

வல்லநாடு:
கத்தரின்னதும் வந்துட்டேன். விக்கிறதுக்கு போடுறவங்க நிறத்தையும் பாக்கணும்யா. எங்க பக்கம் சந்தைல சின்னதா முட்டை மாதிரி வெள்ளைக் கத்தரிதான் முதல்ல தீரும். கிள்ளிகுளம் வேளாண் கல்லூரி, குளத்தூர் நாட்டு ரகத்துல இருந்து பொறுக்கி எடுத்து விட்ட கேகேஎம் 1 அந்த வகைதான், கொத்து கொத்தா காய்க்கும். ஒருத்தர் நல்ல விளைச்சல்னு ஊதா கத்தரி போட்டு கொண்டாந்தார், சாயந்திரம் வரைக்கும் கூடையோட உக்காந்திருந்தார், பாக்கவே மனசு கஷ்டமா இருந்துச்சு. கோயம்புத்தூர் பக்கம் வரி போட்ட கத்தரியை விரும்பி வாங்குறாங்க, அங்க கோ 2 மாதிரி ரகம் சரியா வரும்.

சென்னை, மாடித்தோட்டம்:
எனக்கு ஒரு சந்தேகம் மக்களே. ஓசூர்ல என் தோழி வீட்ல சித்திரைலயும் தக்காளி காய்க்குது, அதே விதை இங்க என் மாடில பூவா கொட்டுது. அப்புறம் இந்த தடவை காலிஃப்ளவர் போடலாமான்னு யோசிக்கிறேன், எது வாங்குறது?

ஆத்தூர், சேலம்:
தங்கச்சி, ஓசூர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், ராத்திரி குளுந்துரும். சென்னைல பகல் 35 தாண்டி ராத்திரியும் சூடு இறங்கலன்னா மகரந்தம் சரியா உருவாகாது, பூ கொட்டத்தான் செய்யும், ஆவணி புரட்டாசில நாத்து விட்டு குளிர்ல காய் எடுங்க. காலிஃப்ளவர்ல ரகத்தை ரொம்ப கவனமா பாக்கணும். முன்பருவ ரகம்னா 20-27 டிகிரிலயே பூ கட்டும், பின்பருவ ரகம் 10-16 டிகிரி கேக்கும், அது சென்னைக்கு என்னைக்கும் வராது, வெறும் இலையா வளந்து நிக்கும். அதனால விதை பாக்கெட்ல படத்தை பாத்து வாங்காதீங்க, எந்த பருவத்துக்குன்னு போட்டிருக்கான்னு பாருங்க, போடலன்னா கடைக்காரர்கிட்ட கேளுங்க, அவருக்கும் தெரியலன்னா அந்த பாக்கெட்டை வெச்சிட்டு வந்துருங்க. அவரை விதை வேணும்னா சொல்லுங்க, அக்கா நிறைய எடுத்து வெச்சிருக்காங்க, ஆடிக்கு முன்னாடி அனுப்புறேன்.