தின்னர், அசிட்டோனுக்குத் தாங்கும் ஸ்பிரே பாட்டில் எது? பட்டறையில் என்ன வைத்துத் துடைக்கிறீர்கள்?

பட்டறை_கணபதி:

வணக்கம். கோவை கணபதியில் சின்ன ஜாப் ஒர்க் பட்டறை வைத்திருக்கிறேன். இரண்டு லேத், ஒரு மில்லிங், ஒரு விஎம்சி (கணினி வைத்து ஓடும் வெட்டு மெஷின்). துடைக்கவும் கழுவவும் மண்ணெண்ணெய், என்சி தின்னர் (பெயின்ட் கரைக்கும் திரவம்), அசிட்டோன், ஐபிஏ (ஐசோபுரோப்பைல் ஆல்கஹால்) நான்கும் ஓடுகிறது, எல்லாமே டிரிகர் வைத்த பிளாஸ்டிக் ஸ்பிரே பாட்டிலில்தான். அசிட்டோனிலும் மண்ணெண்ணெயிலும் பாட்டில் நன்றாகவே இருக்கிறது, டிரிகர்தான் போய்விடுகிறது. அழுத்தினால் உள்ளேயே நின்றுகொள்கிறது, விரலால் இழுத்து விட வேண்டியிருக்கிறது. தின்னர் பாட்டில் மட்டும் பக்கவாட்டில் உள்வாங்கிக் கோணிப் போய்விட்டது. கடையில் கேட்டால் எல்லாவற்றையும் "கெமிக்கல் பாட்டில்" என்றே சொல்லிக் கொடுக்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது? இத்தனை திரவம் தேவைதானா என்பதும் ஒரு கேள்வி. அப்புறம், விஎம்சி கதவு ஜன்னலில் தலைமுடி போல மெல்லிய கோடுகள் விழுந்திருக்கின்றன, அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டா?

ஓரிங்_திருப்பூர்:

பாட்டிலின் அடியில் முக்கோணத்துக்குள் ஓர் எண் இருக்கும், முதலில் அதைப் பாருங்கள். 2 என்றால் எச்டிபிஇ (அடர்த்தி அதிகமான பாலித்தீன்), 5 என்றால் பாலிபுரோப்பிலீன். ஐபிஏ, அசிட்டோன், காரமான சோப்புத் திரவம் மூன்றுக்கும் இந்த இரண்டில் எதுவும் போதும். 1 என்பது பெட், அதாவது தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக். ஐபிஏவுக்குத் தாங்கும், அசிட்டோன் ஊற்றினால் கொஞ்ச நாளில் மங்கலாகி இளகும். 6 போட்ட பாலிஸ்டைரீனை அசிட்டோன் கரைத்தே விடும். தின்னரில் டொலுயீன் என்ற கரைப்பான் கலந்திருப்பதால் அது எச்டிபிஇ சுவருக்குள் ஊறி, மெல்ல வெளியேயும் கசிந்து போகும். சுவர் இளகி, உள்ளே அழுத்தமும் குறையும்போது பாட்டில் உள்வாங்குகிறது. தின்னருக்குத் தகர டின்தான் சரி.

ஆனால் உங்கள் பிரச்சினை பாட்டிலில் இல்லை, டிரிகர் தலையில் இருக்கிறது. டிரிகருக்குள்ளே ஒரு பிஸ்டன், அதைச் சுற்றி சீல், ஒன்றிரண்டு குட்டி வால்வு, ஒரு ஸ்பிரிங், கழுத்தில் ஒரு வாஷர். சீலும் வாஷரும் எந்த ரப்பர் என்பதைப் பொறுத்துத்தான் எல்லாம். நைட்ரைல் என்றால் மண்ணெண்ணெய், டீசல், ஆயிலுக்கு அருமையாக நிற்கும், அசிட்டோன் பட்டதும் ஊதிப்போகும். ஈபிடிஎம் இதற்கு நேர் எதிர்: அசிட்டோனுக்கும் ஐபிஏவுக்கும் நிற்கும், மண்ணெண்ணெயில் ஊதும். வைட்டான் என்றால் எல்லாவற்றுக்கும் தாங்கும் என்று கடைக்காரர் அடித்துச் சொல்வார். பெட்ரோல், டொலுயீன், மண்ணெண்ணெய் வரை அது உண்மை. அசிட்டோனுக்கு வைட்டான் ஆகவே ஆகாது. ஊதின சீல் சுவரை இறுக்கிப் பிடிப்பதால்தான் உங்கள் டிரிகர் உள்ளே போய்த் திரும்புவதில்லை.

கடையில் கேட்டு விடை கிடைக்காது, நீங்களே பார்த்துவிடலாம், பட்டறையில் வெர்னியர் இல்லாமலா இருக்கும். புதுத் தலையை வாங்கியதும் பிரித்து, சீலையும் வாஷரையும் எடுத்து வெளி விட்டத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். நீங்கள் ஊற்றப்போகும் அதே திரவத்தில், மூடி போட்ட சின்ன எவர்சில்வர் டப்பாவில், ஒரு ராத்திரி ஊற விடுங்கள். காலையில் துடைத்த கையோடு மறுபடி அளங்கள், காயவிட்டால் பழைய அளவுக்குச் சுருங்கி ஏமாற்றிவிடும். அளவு கூடியிருந்தாலோ, நகத்தால் அழுத்தினால் கொழகொழவென்று இருந்தாலோ அந்தத் தலை அந்தத் திரவத்துக்கு வேண்டாம். ஸ்பிரிங்கையும் காந்தம் வைத்துப் பாருங்கள். பலமாக ஒட்டினால் பெரும்பாலும் சாதாரண இரும்புக் கம்பி, தண்ணீர் கலந்த திரவத்தில் துருப்பிடித்து, அந்தத் துரு ஜாபில் (மெஷினில் செய்யும் பாகத்தில்) போய் விழும்.

விஎம்சி_ஓசூர்:

ஜன்னல் விஷயம் அவசரம், அதைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அது கண்ணாடி இல்லை, பாலிகார்பனேட் பிளாஸ்டிக். டூல் உடைந்து பறந்தாலோ ஜாப் கிளாம்ப்பிலிருந்து கழன்று வந்தாலோ ஆபரேட்டரின் முகத்துக்கும் அதற்கும் நடுவே நிற்பது அந்த ஒரு தகடுதான். அசிட்டோன், தின்னர் பட்டால் அதில் நுண்ணிய விரிசல் விழும், விழுந்தபின் அடி தாங்கும் பலம் போய்விடும். ஒன்றும் படாவிட்டாலும் கூலன்ட் (வெட்டும்போது ஊற்றும் குளிர்விப்புத் திரவம்) தெறித்துத் தெறித்து வருடக்கணக்கில் பலம் குறையத்தான் செய்யும், அதனால்தான் மெஷின் கம்பெனிகள் அதைக் காலம் வைத்து மாற்றச் சொல்கின்றன. கோடு தெரிந்தால் பாலிஷ் போட்டுப் பார்க்க வேண்டாம், மாற்றிவிடுங்கள். மாற்றும் வரை அந்த மெஷினில் வேகமாக ஓடும் பெரிய கட்டரைப் போடாதீர்கள். புதியதை இளஞ்சோப்புத் தண்ணீரும் மெல்லிய துணியும் வைத்து மட்டும் துடைக்கச் சொல்லுங்கள். டிஆர்ஓ (மெஷின் நகரும் அளவைக் காட்டும் கருவி) திரை அக்ரிலிக்காக இருந்தால் அதற்கு ஐபிஏவும் ஆகாது, விரிசல் விழும்.

ஆய்வகம்_சேலம்:

எத்தனை திரவம் தேவை என்று கேட்டிருக்கிறீர்கள். என் அனுபவத்தில் மூன்று போதும். மெஷின் உடம்பு, தரை, கூலன்ட் பிசுக்கு எல்லாவற்றுக்கும் தண்ணீர் கலந்த டிகிரீசர். இதைத்தான் தாராளமாக ஸ்பிரே பண்ணலாம். காஸ்டிக் சோடா அதிகம் இருக்கும் சரக்கை அலுமினிய ஜாபில் அடித்தால் கறுத்துப்போகும், அதை மட்டும் பார்த்து வாங்குங்கள். இரும்பு ஜாபில் அடித்தால் உடனே துடைத்து ஒரு கை துரு தடுக்கும் எண்ணெய் பூசிவிடுங்கள். கிரீஸும் கட்டிங் ஆயிலும் ஊறின பாகங்களுக்கு மண்ணெண்ணெய் அல்லது மினரல் டர்பன்டைன், தட்டில் ஊற்றி பிரஷ் வைத்துத் தேய்த்தால் போதும், ஸ்பிரே வேண்டாம். ஒட்டுவதற்கு, பெயின்ட் அடிப்பதற்கு, அளப்பதற்கு முன்னால் கடைசித் துடைப்புக்கு ஐபிஏ. 99 சதவீதம் வாங்குங்கள், மருந்துக் கடையில் வரும் 70 சதவீதத்தில் மிச்சம் தண்ணீர்தான், இரும்பில் துரு வைக்கும். அசிட்டோனைக் காய்ந்த பசை, மார்க்கிங் மை எடுக்க மட்டும் கொஞ்சமாக வையுங்கள்.

ஸ்பிரே வேண்டாம் என்று நான் சொல்வதற்குக் காரணம் தீ. அசிட்டோன் மைனஸ் 20 டிகிரியிலேயே பற்றக்கூடிய ஆவியைக் கொடுக்கும், ஐபிஏ 12 டிகிரி வாக்கில். நம் ஊரில் எந்த மாதமும் அதற்குக் கீழே போகாது என்பதால், மூடி திறந்திருக்கும் நேரமெல்லாம் ஆவி இருக்கிறது என்றே வைத்துக்கொள்ள வேண்டும். மண்ணெண்ணெய் அவ்வளவு சீக்கிரம் பற்றாது, அது சரி. ஆனால் நுண்துளியாக அடித்துவிட்டால் அதுவும் தயங்காமல் பற்றும். ஏர் கன்னில் மண்ணெண்ணெய் ஊற்றி அடிக்கும் பழக்கம் நிறைய இடத்தில் பார்க்கிறேன், பக்கத்திலேயே கிரைண்டர் பொறி பறக்கிறது, பார்க்கவே பயமாக இருக்கிறது. பெட்ரோலில் பாகம் கழுவுவதை அடியோடு நிறுத்துங்கள். தீ ஒரு பக்கம் இருக்கட்டும், அதில் பென்சீன் இருக்கிறது, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் அது, கையை அதில் முக்கி எடுப்பது கொடுமை.

பிரேக் கிளீனர் டின் வைத்திருந்தால் பின்னால் எழுதியிருப்பதைப் படியுங்கள். டெட்ராகுளோரோ எத்திலீன், மெத்திலீன் குளோரைடு மாதிரி குளோரின் சேர்ந்த பெயர் இருந்தால் அந்த ஈரத்தோடு வெல்டிங் பக்கமே போகக் கூடாது. ஆர்க் சூட்டிலும் ஒளியிலும் அது பாஸ்ஜீனாக மாறும், முதல் உலகப் போரில் விஷ வாயுவாகப் பயன்படுத்தியது அதையேதான். மூச்சுத் திணறல் உடனே வராமல் மணிக்கணக்கு கழித்தும் வரும், அதனால் "ஒன்றும் ஆகவில்லையே" என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

பட்டறை_கணபதி:

ஜன்னலுக்கு இன்றைக்கே சொல்லிவிட்டேன், நன்றி. ஒரு சந்தேகம்: அசிட்டோனுக்கும் மண்ணெண்ணெய்க்கும் சேர்த்து ஒரே தலை கிடைக்காதா? பையன்கள் எதில் எதை ஊற்றுகிறார்கள் என்று நாள் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. கையுறையும் எது வாங்குவது என்று சொல்லுங்கள்.

ஓரிங்_திருப்பூர்:

டெஃப்லான் சீல் வைத்த தலை இரண்டுக்கும் தாங்கும், ஆனால் விலை அதிகம், நம் பக்கத்துக் கடைகளில் சுலபமாகவும் கிடைக்காது. அதைத் தேடுவதை விட பிளஞ்சர் கேன் வாங்குங்கள். உலோக டப்பா, மேலே ஒரு கிண்ணத் தட்டு. துணியை வைத்துத் தட்டை அமுக்கினால் தேவையான அளவு மட்டும் ஊறி வரும், மிச்சம் உள்ளேயே இறங்கிவிடும், காற்றில் துளி பறக்காது. அசிட்டோனுக்கு ஒன்று, ஐபிஏவுக்கு ஒன்று. பிளாஸ்டிக் பாட்டிலில் அசிட்டோன் வைத்தால் சித்திரை வெயிலில் உள்ளே ஆவி அழுத்தி, யாரும் தொடாமலே ஸ்பிரே மூக்கில் சொட்டிக்கொண்டிருக்கும், அந்தத் தொல்லையும் இருக்காது.

பெயர் எழுதுவதற்கு மார்க்கர் பேனா ஆகாது, முதல் சொட்டிலேயே அழிந்துவிடும். தகரத் துண்டில் எழுத்துப் பஞ்ச் அடித்துக் கம்பியால் கழுத்தில் கட்டிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலிலும் குளிர்பான பாட்டிலிலும் எந்தத் திரவத்தையும் ஊற்ற விடாதீர்கள், ஐந்து நிமிட வேலைக்கு என்றாலும் சரி. தாகத்தில் எடுத்துக் குடித்துவிடுகிறார்கள்.

ஆய்வகம்_சேலம்:

கையுறையும் அதே கணக்குதான். நைட்ரைல் கையுறை மண்ணெண்ணெய்க்கும் ஆயிலுக்கும் நல்லது, அசிட்டோன் சீக்கிரமே ஊடுருவி உள்ளே வந்துவிடும். அசிட்டோனில் கை வைத்து வேலை செய்வதென்றால் பியூட்டைல் ரப்பர் வேண்டும். ஒன்றிரண்டு துடைப்புக்கு நைட்ரைல் போட்டு, பட்டதும் கழற்றி மாற்றலாம். நனைந்த பனியன் வேஸ்ட்டை (துடைக்கும் துணித் துண்டுகளை) மூலையில் குவிக்காமல் மூடி உள்ள இரும்பு டிரம்மில் போட்டு, சாயங்காலம் கடை சாத்தும் முன் வெளியே எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.