இரவு வேலை, பிலிப்பினோ பன், நம்ம வயிறு: ஸ்கார்பரோவுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

கேள்வி: கனடா வந்து ஐந்து வாரம் ஆகிறது. முதியோர் இல்லத்தில் இரவு வேலை. கூட இருப்பவர்களில் பாதிப் பேர் பிலிப்பினோக்கள். தினமும் ஏதாவது பன், கேக் என்று நீட்டுகிறார்கள். எங்கள் வீட்டில் மாடும் பன்றியும் ஆகாது. முட்டை, கோழி பரவாயில்லை. வேண்டாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே சங்கடமாக இருக்கிறது. எதைச் சாப்பிடலாம், எதை விடலாம்?

பதில்: தம்பி, நீட்டுவதை மறுக்காதீர்கள், கேளுங்கள். "மே பாபோய் பா?" என்றால் பன்றி இருக்கிறதா என்று அர்த்தம். "வாலா" என்று பதில் வந்தால் இல்லை. பாபோய் பன்றி, பாகா மாடு, மானோக் கோழி, இட்லோக் முட்டை. (இட்லோக் என்றதும் எனக்கு இட்லி ஞாபகம் வந்தது. ஏமாந்தேன்.) வயதில் மூத்த பெண்ணை 'ஆத்தே' என்றும், ஆணை 'கூயா' என்றும் கூப்பிடுங்கள், நாம் அக்கா, அண்ணன் என்பதுபோல. பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட அது அவர்கள் காதுக்கு இதமாக இருக்கும்.

அவர்கள் இத்தனை பேர் இந்த வேலையில் இருப்பது தற்செயல் இல்லை. வீட்டோடு தங்கிக் குழந்தைகளையும் முதியவர்களையும் பார்த்துக்கொள்வதற்கென்று 1992 முதல் 2014 வரை கனடாவில் ஒரு திட்டம் இருந்தது, அதில் வந்தவர்கள் பெரும்பாலும் பிலிப்பைன்ஸ் பெண்கள். 2021 கணக்கெடுப்பில் கனடாவில் பிலிப்பினோக்கள் ஒன்பதரை லட்சத்துக்கும் மேல். ஆள் இருக்கும் இடத்தில் அடுப்பும் இருக்கும். டொரொண்டோவில் பாதர்ஸ்ட், வில்சன் தெருக்கள் சந்திக்கும் பக்கம் போய்ப் பாருங்கள், அந்த வட்டாரத்தை 'லிட்டில் மணிலா' என்றே சொல்கிறார்கள்.

பேக்கரியில் முதலில் வாங்க வேண்டியது பான் டி சால். பெயருக்கு அர்த்தம் உப்பு ரொட்டி, வாயில் போட்டால் லேசாக இனிக்கும். மாவை நீளமாக உருட்டி, ரொட்டித்தூளில் புரட்டி, துண்டு போட்டுச் சுடுவார்கள், மேலே அந்தத் தூள் ஒட்டியிருக்கும். இரவு ஷிப்ட் முடிந்து காலையில் நேராகப் போனால் சுடச்சுடக் கிடைக்கும். காப்பியில் தோய்த்துச் சாப்பிடுவதுதான் அவர்கள் பழக்கம், எனக்கு டீயிலும் நன்றாகவே இருக்கிறது. மிச்சத்தை அன்றைக்கே ஃப்ரீசரில் போட்டு, வேண்டும்போது ஓவனில் சூடு காட்டுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும். முருங்கை இலை போட்ட பான் டி சாலும் உண்டு. முருங்கைக்கு அவர்கள் சொல்லும் பெயர் மலுங்காய். காதில் விழுந்ததும் நம் ஊர் ஆளைப் பார்த்த மாதிரி இருந்தது. அந்தக் கீரை அவர்கள் கடையில் உறைய வைத்தும் கிடைக்கும், பொரியலுக்கு ஆகும்.

அப்புறம் தேங்காய் பூரணம் வைத்த பான் டி கோகோ, நம் ஊர் தேங்காய் பன்னுக்கு ஒன்றுவிட்ட தம்பி. வெண்ணெயும் சர்க்கரையும் ரொட்டித்தூளும் வைத்துச் சுருட்டியதற்கு 'ஸ்பானிஷ் பிரெட்' என்று பெயர். என்சைமாடா என்பது சுருள் பன். மேலே வெண்ணெய், சர்க்கரை, அதற்கும் மேலே துருவிய சீஸ். இனிப்பின் மேல் சீஸா என்று முதலில் முகம் சுளித்தேன், இப்போது நானே தேடிப்போய் வாங்குகிறேன். ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலிருந்து வந்த பலகாரம் இது. அந்த ஊர்ப் பேச்சில் 'சைம்' என்றால் பன்றிக் கொழுப்பு, பெயரே அதிலிருந்து வந்ததுதான். பிலிப்பினோக்கள் பெரும்பாலும் வெண்ணெயில் செய்கிறார்கள், ஆனாலும் கேட்டுவிட்டு வாங்குங்கள்.

நான் மாட்டிக்கொண்டது ஹோப்பியாவில். சீனாவின் ஃபுஜியன் பக்கத்திலிருந்து மணிலாவுக்குக் குடியேறியவர்கள் கொண்டுவந்தது. மேலே அடுக்கடுக்காக உதிரும், உள்ளே பாசிப்பயறு பூரணம். சுழியம் மாதிரிதானே, சைவம்தானே என்று ஒரு இரவு வேலையில் நான்கு தின்றேன். விடிந்ததும் டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன்: லார்டு. பன்றிக் கொழுப்பு! ஹோப்பியாவின் மேல்மாவுக்குப் பழைய பக்குவமே அதுதான், தப்பு விசாரிக்காத என்மேல். தாவர எண்ணெயில் செய்வதும் கிடைக்கிறது, டப்பாவைத் திருப்பிப் பாருங்கள். 'ஷார்ட்டனிங்' என்று மட்டும் போட்டிருந்தால் எந்தக் கொழுப்பு என்று கேளுங்கள். ஹோப்பியாங் பாபோய் என்று ஒன்று இருக்கிறது, பெயரிலேயே சொல்லிவிடுகிறான், அது நல்லது. சியோபாவ் என்ற ஆவியில் வேகவைத்த வெள்ளை உருண்டையில் பெரும்பாலும் பன்றிக் கறிதான் இருக்கும், கோழி என்று அவர்களே சொன்னால் ஒழிய விட்டுவிடுங்கள்.

இதெல்லாம் இனி அவர்களுக்குள் மட்டும் சுற்றும் சாப்பாடு இல்லை. ஜாலிபீ என்ற பிலிப்பினோ துரித உணவு நிறுவனம் கனடாவில் முதல் கடையை 2016 டிசம்பரில் வினிப்பெக்கில் திறந்தது, 2018இல் ஸ்கார்பரோவுக்கே வந்துவிட்டது. அங்கே கோழி வறுவல் சாப்பிடலாம், ஸ்பகெட்டி மட்டும் வேண்டாம், சாஸ் இனிக்கும், உள்ளே ஹாட்டாக் என்ற கறி சாசேஜ் துண்டும் கிடக்கும். சிகாகோவில் கசாமா என்று ஒரு கடை, பகலில் பேக்கரி, இரவில் உணவகம். 2022இல், சிறந்த உணவகங்களுக்குத் தரும் மிஷலின் நட்சத்திரம் வாங்கியது, பிலிப்பினோ சமையலுக்கு அதுதான் முதல் முறை. ஊபே என்ற கிழங்கின் ஊதா நிறத்தில் ஊபே கேக், ஊபே ஐஸ்கிரீம் என்று இன்ஸ்டாகிராமில் நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பாதி வெறும் சாயமும் எசன்ஸும்தான்.

இன்னொரு பதில்: அண்ணா சொன்னது எல்லாம் சரி, ஊபேயை மட்டும் பாதியில் விட்டுட்டார். நான் யாழ்ப்பாணம். ஊபே எண்டு அவை சொல்லுறது எங்கட ராசவள்ளிக் கிழங்கு. அம்மா அவிச்சு மசிச்சு, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டு, கூழ்பதமாகக் காய்ச்சித் தருவா. பிலிப்பினோக்கள் அதையே பட்டரும் கண்டென்ஸ்டு மில்க்கும் விட்டு, சட்டியில் ஒட்டாமல் வரும்வரை அல்வா மாதிரிக் கிண்டுறது ஊபே ஹலாயா. துருவி உறைய வைத்த கிழங்கு அவையின்ர கடையில் பொதியாகக் கிடைக்கும். தோல் சீவுற வேலையில்லை, கையும் கடிக்காது. இன்னொண்டு, நாங்கள் 'பாண்' எண்டு சொல்லுறது போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல். அவையின்ர 'பான்' ஸ்பானியர் குடுத்தது. ரெண்டும் ஒரே குடும்பம்.

கேள்வி கேட்டவர்: அண்ணா, அக்கா, நன்றி. நேற்று ஆத்தே என்று கூப்பிட்டு "மே பாபோய் பா?" கேட்டேன். விழுந்து விழுந்து சிரித்தார்கள், அப்புறம் உச்சரிப்பைத் திருத்தினார்கள். இன்று ஒரு பை நிறைய பான் டி சால் கொடுத்திருக்கிறார்கள். வெறுங்கையோடு எப்படிப் போவது? பதிலுக்கு என்ன கொண்டுபோகலாம்?

பதில்: மிளகாயைக் குறைத்துப் புளியோதரை கொண்டுபோங்கள். காரம் அவர்களில் நிறையப் பேருக்கு ஒத்துக்கொள்ளாது, ஆனால் புளி பழக்கம்தான், சினிகாங் என்ற அவர்கள் குழம்பே பெரும்பாலும் புளி விட்டுத்தான். டிசம்பர் பாதிக்கு மேல் 'புட்டோ பும்போங்' கிடைக்கிறதா என்று அந்த ஆத்தேயிடமே கேட்டுவையுங்கள். மூங்கில் குழாயில் அவிக்கும் ஊதா நிறப் புட்டு, மேலே தேங்காய்ப்பூவும் நாட்டுச் சர்க்கரையும். போகும்போது டப்பாவின் மூடியில் உங்கள் பெயரை எழுதிவிடுங்கள், என்னுடைய மூன்று டப்பா இன்னும் வார்டில் எங்கேயோ சுற்றிக்கொண்டிருக்கிறது.