ஸ்பானிஷ் 'பெர்த்தினாஸ்' - இங்கிலீஷ்ல என்ன போடலாம்? உதவி பண்ணுங்க

வணக்கம். ரெண்டு நாளா ஒரே வார்த்தைல மாட்டிக்கிட்டு நிக்கிறேன். ஸ்பெயின்ல எக்ஸ்ட்ரிமதூரா பக்கத்துப் பெரியவர் ஒருத்தர் சின்ன வயசு ஞாபகங்கள ஒரு நோட்டுல எழுதி வச்சுட்டுப் போயிருக்கார், ஸ்பானிஷ் தெரியாத பேரப்பிள்ளைங்களுக்காக அத இங்கிலீஷ்ல பண்ணித் தரேன்னு ஒத்துக்கிட்டேன். 1940கள், உள்நாட்டுப் போர் முடிஞ்ச பஞ்ச காலம். அதுல 'ரேடியோல எங்களுக்குச் சொல்லிக்கிட்டே இருந்த அந்தப் பெர்த்தினாஸ் வறட்சி'ன்னு ஒரு வரி வருது.

பெர்சிஸ்டன்ட்னு போட்டா நீண்டுக்கிட்டே போகுதுங்கிறது வருது, கடுமை போயிடுது. ஹார்ஷ்னு போட்டா கடுமை மட்டும் நிக்குது, விடாப்பிடி காணோம். டிக்‌ஷனரில பெர்ட்டினேஷியஸ்னு இருக்கு, ஆனா வறட்சிய யாரு அப்படிச் சொல்லுவாங்க?

பதில் 1:
ரிலென்ட்லெஸ் போடுங்க, கடுமை, தொடர்ச்சி ரெண்டுமே அதுல இருக்கு. பெர்ட்டினேஷியஸ் வேணாம், நீங்க சொன்னது சரிதான். பெர்த்தினாஸ், பெர்ட்டினேஷியஸ் ரெண்டுக்கும் வேர் ஒன்னுதான், லத்தீன்ல டெனாக்ஸ்னா இறுக்கிப் பிடிக்கிறது, முன்னாடி பெர் சேந்தா கடைசி வரைக்கும் விடாத பிடி. ஸ்பானிஷ்ல அது சொன்னதையே சாதிக்கிற ஆளுக்கும் வரும், விடாத மழைக்கும் வரும், இருமலுக்கும் வரும். இங்கிலீஷ்ல பெரும்பாலும் ஆளுங்களோடயே நின்னுபோச்சு, அதுவும் புத்தக பாஷை. டெனேஷியஸும் ஆகாது, அது பாராட்டு மாதிரி இருக்கும்.

பதில் 2:
ரிலென்ட்லெஸ் போடறதுக்கு முன்னாடி கொஞ்சம் நில்லுங்க ப்ளீஸ். இது பெரியவரோட சொந்த வார்த்தை இல்ல, 'ரேடியோல சொன்ன'ன்னு அவரே எழுதியிருக்கார் பாருங்க. 'பெர்த்தினாஸ் செக்கீயா'ங்கிறது (செக்கீயான்னா வறட்சி) உள்நாட்டுப் போர்ல ஜெயிச்சு ஸ்பெயின ஆண்ட சர்வாதிகாரி ஃபிராங்கோ ஆட்சியோட பேர்போன சொற்றொடர். ஸ்பெயின்ல 1939ல இருந்து 1952 வரைக்கும் ரேஷன், ஜனங்க ரொட்டிக்கு அலைஞ்சாங்க. வெளியில இருந்து எதுவும் வேணாம் நாமே எல்லாத்தையும் பண்ணிக்குவோம்னு அரசு எடுத்த பொருளாதாரக் கொள்கை, உரத் தட்டுப்பாடு, கோதுமைக்கு அரசு வச்ச குறைஞ்ச விலை, அதனால கள்ளச்சந்தைக்குப் போன தானியம், இதெல்லாம் பெரிய காரணம். மழை பொய்ச்சதும் உண்மைதான், 1945 ரொம்ப மோசமான வருஷம். ஆனா பழிய முக்கால்வாசி வானத்து மேல போட்டாங்க. அப்போ எல்லா ஸ்டேஷனும் அரசு ரேடியோ செய்தியத்தான் போடணும்னு கட்டாயம், அதனால திரும்பத் திரும்ப இதே வார்த்தை காதுல விழுந்திருக்கும்.

இன்னொன்னு, ஸ்பானிஷ்ல பெயரடை சாதாரணமா பின்னாடிதான் வரும். இங்க முன்னாடி வந்திருக்கு. அப்படி வந்தா மேடைப்பேச்சு வாடை அடிக்கும், அந்த வறட்சியோட குணமே அதுதான்ங்கிற மாதிரி. இங்கிலீஷ்ல எல்லாப் பெயரடையும் முன்னாடியே வர்றதால இடத்த வச்சு இதக் காட்ட முடியாது, வார்த்தைலதான் கொண்டு வரணும். ரிலென்ட்லெஸ் நல்ல வார்த்தைதான், ஆனா அதுல வறட்சிய எதிரியா நிறுத்திக் குத்தம் சொல்ற தொனி இல்ல.

கேட்டவர்:
அய்யோ, இத நான் கவனிக்கவே இல்ல, ரொம்ப நன்றிங்க. இப்போ இன்னொரு சிக்கலும் புரியுது. நாலு பக்கம் தள்ளி அவங்க அம்மாவுக்கு வந்த இருமலுக்கும் அதே வார்த்தைய எழுதியிருக்கார், அந்தக் குளிர்காலத்துலதான் அம்மா இறந்துட்டாங்க. அங்க பெர்சிஸ்டன்ட் காஃப்னு சட்டுனு போட்டுட்டேன், டாக்டர் சீட்டுல எழுதற மாதிரி.

பதில் 2:
அப்போ ரெண்டு எடத்துலயும் ஒரே வார்த்தைதான் போடணும், தயவுசெஞ்சு மாத்தாதீங்க. ரேடியோ வறட்சிக்குச் சொன்ன வார்த்தைய எடுத்து அவர் அம்மாவோட இருமலுக்கு வச்சிருக்கார், அது தற்செயலா வந்ததா எனக்குத் தோணல. ஆப்ஸ்டினேட் போட்டுப் பாருங்க. லத்தீன் வழி வந்த வார்த்தை, அதனால அரசாங்க மிடுக்கும் இருக்கு, அடம்பிடிக்கிறாங்கிற குத்தச்சாட்டும் இருக்கு. பழைய இங்கிலீஷ் மருத்துவ எழுத்துல ஆப்ஸ்டினேட் காஃப்னு சகஜமா வரும், அதனால இருமலுக்கும் இடிக்காது. வறட்சிக்குப் போடறப்போ காதுக்குக் கொஞ்சம் புதுசா இருக்கும், அது நல்லதுதான், படிக்கிறவங்க அங்க ஒரு நொடி நிப்பாங்க.

பதில் 1:
ஒத்துக்கிறேன், என்னோடத விட இது சரியா உக்காருது. ஸ்டப்பர்ன்னும் யோசிச்சேன், ஆனா அது வீட்டுப் பேச்சு, ரேடியோக் குரல் வராது.

கேட்டவர்:
ரெண்டு எடத்துலயும் ஆப்ஸ்டினேட் போட்டு சத்தமா வாசிச்சுப் பாத்தேன். முதல் எடத்துல ரேடியோ கேக்குது. இருமல் வர்ற எடத்துல என்னால அடுத்த வரிக்கு உடனே போக முடியல. இதையே வச்சுக்கிறேன். அந்த ரேடியோ சொற்றொடர் பத்தி மட்டும் பேரப்பிள்ளைங்களுக்கு ரெண்டு வரி அடிக்குறிப்பா எழுதிடறேன்.