முகக்கவசத்தோடு டிரெட்மில் சோதனை: பாதியில் நின்றால் எப்படிப் படிப்பது?

கேள்வி: ஓடுபட்டை

வணக்கம். இதயச் சோதனைக் கூடங்களில் வேலை செய்பவர்களின் கருத்து வேண்டும்.

2020 ஏப்ரலில் இங்கே சிங்கப்பூரில் முகக்கவசம் கட்டாயமானபோதே கடுமையான உடற்பயிற்சிக்கு விலக்கு கொடுத்திருந்தார்கள். ஆனால் ஜன்னல் இல்லாத சோதனை அறை வேறு கதை. இப்போதும் நோய் எதிர்ப்பாற்றல் குறைந்தவர்களும், வீட்டில் முதியோர் இருப்பவர்களும் கவசத்தைக் கழற்றாமலே ஏறுகிறோம் என்கிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. வயது 62, ஆண், நீரிழிவு உண்டு. படியேறினால் நெஞ்சு இறுக்கம் என்று பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) அனுப்பப்பட்டவர். சர்ஜிக்கல் கவசத்தோடு ப்ரூஸ் முறை (3 நிமிடத்துக்கு ஒருமுறை வேகமும் ஏற்றமும் கூடும்). 5 நிமிடம் 30 நொடியில் "மூச்சு முட்டுது, போதும்" என்று நிறுத்திவிட்டார். துடிப்பு 121, மேல் ரத்த அழுத்தம் 168, விரலில் ஆக்சிஜன் 91. ஈசிஜியில் எஸ்டி மாற்றம் (இதயத் தசைக்கு ரத்தம் குறைவதைக் காட்டுவது) இல்லை, வலியும் இல்லை.

இதைக் கவசத்தின் மேல் போடலாமா? அறிக்கையில் என்ன எழுதுவது? கவசம் போட்டவர்களுக்கு முறையையே இலேசாக்க வேண்டுமா?

பதில் 1: பன்னிரண்டு லீட்

முதலில் கணக்கு. எதிர்பார்க்கும் உச்சத் துடிப்பு, 220-இல் வயது 62 போனால் 158. அதில் குறைந்தது 85 விழுக்காடு, அதாவது 134, எட்ட வேண்டும். இவர் எட்டியது 121, அதாவது 77 விழுக்காடு. எஸ்டி மாறவில்லை என்றாலும் இதை "எதிர்மறை" (ரத்த ஓட்டக் குறைவு இல்லை) என்று எழுத முடியாது. "போதிய உழைப்பு எட்டப்படவில்லை, முடிவு சொல்ல இயலாது" என்பதுதான் நேர்மையான வாசகம். துடிப்பையும் மேல் அழுத்தத்தையும் பெருக்கிப் பாருங்கள்: 121 × 168 = 20,328. இதயம் எவ்வளவு உழைத்தது என்பதற்கு நிமிடங்களைவிட இந்த எண்ணே நல்ல சாட்சி. 25,000-ஐத் தாண்டியிருந்தால் கொஞ்சம் நம்பிக்கையோடு பேசலாம்.

கவசத்தின் மேல் பழிபோட அவசரப்படாதீர்கள். 2020-இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் 12 ஆரோக்கியமான ஆண்களைச் சைக்கிளில் வைத்துச் செய்த ஆய்வில், எஃப்எஃப்பி2 கவசம் (என்95 போன்றது) அதிகபட்ச ஆக்சிஜன் பயன்பாட்டை 13 விழுக்காடு அளவுக்குக் குறைத்தது. ஆனால் அங்கே கவசத்தின் மேலேயே வாயு அளக்கும் முகமூடியையும் இறுக்கிப் பொருத்தியிருந்தார்கள். அதே ஆண்டு கனடாவின் சஸ்காச்சுவானில் சர்ஜிக்கல் கவசத்தையும் மூன்றடுக்குத் துணிக் கவசத்தையும் சோதித்தபோது, களைத்து நிற்கும் நேரம் மாறவே இல்லை. இரண்டிலும் கலந்துகொண்டவர்கள் நோயில்லாதவர்கள் என்பதை மறக்கக்கூடாது. இருந்தாலும் சர்ஜிக்கல் கவசம் மட்டுமே ஒருவரை 77 விழுக்காட்டில் நிறுத்திவிட்டது என்று சொல்ல ஆதாரம் போதாது.

இதைவிட முக்கியமான ஒன்று: நீரிழிவு உள்ளவருக்கு ரத்த ஓட்டக் குறைவு வலியாக வராமல் மூச்சிரைப்பாகவே வரலாம். நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம். "கவசம்தான் காரணம்" என்று ஒரு வரி எழுதிவிட்டால் அந்த அறிகுறி அங்கேயே புதைந்துபோகும்.

அந்த 91-ஐ நான் நம்பமாட்டேன். கைப்பிடியை இறுகப் பற்றினால் விரல் நுனியில் ரத்த ஓட்டம் குறைந்து அளவு பொய்யாக இறங்கும். காது மடலிலோ நெற்றியிலோ சென்சாரை மாட்டுங்கள். ஆக்சிமீட்டர் காட்டும் துடிப்பும் ஈசிஜி துடிப்பும் ஒத்துப்போகாவிட்டால் அந்த எண்ணை எழுதவே வேண்டாம். இதற்கு நேர்மாறாக, கருமையான தோலில் ஆக்சிமீட்டர் உண்மை அளவைவிடக் கூட்டிக் காட்டக்கூடும். அதனால் ஒற்றை எண்ணைவிடத் தொடக்கத்திலிருந்து எவ்வளவு இறங்கியது என்பதைக் கவனியுங்கள். சரியான அலை வடிவத்தோடு 4, 5 புள்ளி இறங்கினால் அது கவசத்தால் அல்ல. நுரையீரலையும் இதயத்தையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2: மூச்சும் நடையும்

மேலே சொன்னதோடு உடன்படுகிறேன். ஆனால் கவசத்தால் கெடுவது மூச்சு மட்டுமில்லை. நம் கண்ணுக்குத் தெரிய வேண்டியவை மறைந்துவிடுகின்றன: உதட்டின் நீலம், முகம் வெளிறுவது, வலியில் பல்லைக் கடிப்பது. இயந்திரச் சத்தத்தில் குரலும் அமுங்கும். ஆகவே ஏறுவதற்கு முன்பே சைகைகளைப் பேசி வைத்துக்கொள்ளுங்கள். நெஞ்சில் கை வைத்தால் வலி, கட்டைவிரல் கீழே காட்டினால் நிறுத்து. போர்க் அளவுகோலை (எவ்வளவு கஷ்டம் என்பதை எண்ணால் சொல்வது) பெரிய எழுத்தில் அச்சிட்டுக் கண்ணெதிரே ஒட்டி, ஒவ்வொரு கட்டத்தின் கடைசி நிமிடத்திலும் எண்ணைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். தமிழ்ப் பிரதி ஒன்றும் இருக்கட்டும். "கொஞ்சம் கஷ்டம்", "ரொம்பக் கஷ்டம்" இரண்டையும் முதியவர்கள் உடனே பிரித்துச் சொல்வார்கள்.

அதிகம் பேர் கவனிக்காதது மூக்குக்கண்ணாடி. கவசத்தின் மேல் விளிம்பிலிருந்து வரும் ஆவி கண்ணாடியை மூடினால் காலடி தெரியாது. உடனே கைப்பிடியில் தொங்குவார்கள். உடல் எடையைக் கைகள் தாங்கினால் திரையில் 7 மெட் (ஓய்வில் செலவாகும் ஆற்றலின் 7 மடங்கு) என்று காட்டினாலும் உண்மையான உழைப்பு அதைவிடக் குறைவு. பிபி அளப்பதும் கெடும். மூக்குக் கம்பியை அழுத்தி, அதன் மேல் மைக்ரோபோர் டேப் ஒரு துண்டு ஒட்டினால் போதும்.

வெளியே வெயிலில் வேர்த்து வந்தவர் அதே கவசத்தோடு ஏறக்கூடாது. நனைந்த கவசத்தில் காற்று நுழைவது கடினம், பக்கவாட்டில் கசிவும் கூடும். ஏறும் முன் புதியது ஒன்று கொடுங்கள், மாற்றுக்கு ஒன்று கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும்.

கவசம் போட்டதும் சிலர் பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்குவார்கள். அந்த வேக மூச்சே ஈசிஜியின் எஸ்டி பகுதியையும் டி அலையையும் மாற்றும். ஆகவே புதுக் கவசத்தோடு ஐந்து நிமிடம் உட்கார வைத்து, பிறகு நிற்க வைத்து ஓர் ஈசிஜி எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். ஓட்டத்தில் தெரியும் மாற்றத்தை அதோடுதான் ஒப்பிட வேண்டும்.

பதில் 3: எஸ்டி நோக்கர்

முறையை இலேசாக்குவது பற்றி. கவசத்துக்காக மட்டும் மாற்ற வேண்டாம். அடுத்த ஆண்டு மீண்டும் வரும்போது ஒப்பிட முடியாமல் போகும். ஆனால் இந்த நோயாளிக்குக் கவசம் இல்லாவிட்டாலும் ப்ரூஸ் சரியான தேர்வா என்று கேட்டிருப்பேன். முதல் கட்டம் 2.7 கி.மீ. வேகம், 10 விழுக்காடு ஏற்றம். இரண்டாவது 4 கி.மீ., 12 விழுக்காடு. மூன்றாவது 5.5 கி.மீ., 14 விழுக்காடு. ஒவ்வொரு தாவலும் பெரிது. நடந்து பழகாதவருக்கு மாற்றியமைத்த ப்ரூஸ் நல்லது: 2.7 கி.மீ. வேகத்திலேயே ஏற்றமில்லாமல் 3 நிமிடம், 5 விழுக்காட்டில் 3 நிமிடம், பிறகு வழக்கமான கட்டங்கள். உழைப்பு 8 முதல் 12 நிமிடத்துக்குள் உச்சம் தொடும்படி முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

இதய அபாயத்தைக் கணிக்கும் டியூக் மதிப்பெண்ணிலும் கவசம் நுழையும். ப்ரூஸ் நிமிடங்களிலிருந்து எஸ்டி இறக்கத்தின் (மி.மீ.) 5 மடங்கையும் வலி எண்ணின் (வலி இல்லையென்றால் 0, வந்தால் 1, வலியால் நின்றால் 2) 4 மடங்கையும் கழிக்கிறோம். உங்கள் நோயாளிக்கு 5.5 வருகிறது. 5-உம் அதற்கு மேலும் குறைந்த அபாயம். ஒரு நிமிடம் முன்னதாக நின்றிருந்தால் 4.5, நடுத்தர அபாயம்! ஒரு மி.மீ. எஸ்டி இறங்கினால் ஐந்து புள்ளி போய்விடும் என்பதால் நேரத்தின் பங்கு பொதுவாகச் சிறியது. ஆனால் எல்லைக்கோட்டில் நிற்பவருக்கு அந்த ஒரு நிமிடம் வகையையே மாற்றிவிடும். அதனால்தான் கவச விவரம் அறிக்கையில் கட்டாயம் வேண்டும்.

இன்னொன்று: கவசத்தோடு மூச்சை இழுத்து இழுத்து விடும்போது ஈசிஜி அடிக்கோடு அலையும். கணினி சராசரி எடுத்துப் பொய்யான எஸ்டி இறக்கத்தைக் காட்டும். சராசரி அலையை நம்பாமல் மூலப் பதிவில் அடிக்கோடு சமமாக உள்ள மூன்று தொடர்ந்த துடிப்புகளைத் தேடி, ஜே புள்ளிக்கு (எஸ்டி பகுதி தொடங்கும் இடம்) 60 முதல் 80 மில்லிநொடி தள்ளி அளவிடுங்கள்.

ஓடுபட்டை:

நன்றி. அறிக்கையை இப்படி எழுதலாமா: "சர்ஜிக்கல் கவசத்தோடு ப்ரூஸ் 5:30, உச்சத் துடிப்பு 121, எதிர்பார்ப்பில் 77 விழுக்காடு, மூச்சிரைப்பால் நிறுத்தம், போர்க் எண் குறிக்கப்பட்டது, எஸ்டி மாற்றமில்லை, முடிவு சொல்ல இயலாது"? கவசத்தை நடுவில் கழற்றச் சொல்லலாமா என்பதும் குழப்பமாக இருக்கிறது.

பதில் 4: பன்னிரண்டு லீட்

வாசகம் சரி. துடிப்பைக் குறைக்கும் பீட்டா தடுப்பு மாத்திரை அன்று சாப்பிட்டாரா என்பதையும் சேர்த்துவிடுங்கள். துடிப்பு ஏறாததற்குக் கவசத்தைவிட அதுவே அடிக்கடி காரணம்.

நடுவில் கழற்றினால் எந்த நிலையில் எவ்வளவு உழைத்தார் என்பது தெரியாமல் போகும், நடையும் தடுமாறும். கழற்றுவதென்றால் ஏறும் முன்பே கழற்றட்டும். ஆனால் ஓய்வில் நிமிடத்துக்கு 6 முதல் 8 லிட்டர் காற்று விடுபவர், ஓட்டத்தில் 60 லிட்டரையும் தாண்டுவார். பிபி அளப்பவர் கையெட்டும் தூரத்தில் நிற்பதால் அவருக்கு என்95-உம் கண்காப்பும் வேண்டும். அறையில் மணிக்கு 12 முறை காற்று மாறினால் மிதக்கும் துகள்களில் 99 விழுக்காடு நீங்க 23 நிமிடம். 6 முறை மட்டும் என்றால் 46 நிமிடம். அடுத்த நோயாளிக்கு நேரம் குறிக்கும்போது உங்கள் கட்டடப் பராமரிப்புப் பிரிவிடம் இந்த எண்ணைக் கேட்டுவிடுங்கள். காய்ச்சல், இருமல் இருந்தால் கவசம் தீர்வல்ல. தேதியை மாற்றுங்கள், கூடவே இதயத் தசை அழற்சியும் இருந்தால் ஓட வைப்பது ஆபத்து.

உங்கள் நோயாளிக்கு அடுத்த படி ஓட வைக்காமல் மருந்து கொடுத்து இதயத்தைச் சோதிப்பதுதான் என்று மருத்துவர் முடிவெடுக்கலாம். டோபுட்டமின் எக்கோவிலோ அடினோசின் ஸ்கேனிலோ கவசம் ஒரு தொல்லையே இல்லை. அடினோசின் என்றால் ஆஸ்துமா இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். காஃபின் அந்த மருந்தின் வேலையைத் தடுக்கும் என்பதால் முதல் நாளே கோப்பி, தே (தேநீர்), கோலா, மைலோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லுங்கள். "கோப்பி குடிக்கவில்லை" என்பவர் காலையில் தே தாரிக் குடித்துவிட்டு வருவார், பெயர் பெயராகக் கேட்டால்தான் வெளியே வரும்.